செல் (கரையான்) அரித்த கதவு நிலைக்கு யார் செலவு செய்வது?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் மூன்று வருஷமாகக் குடியிருக்கிறோம். போன ஐப்பசி மழைக்கு அப்புறம் கூடத்து நிலையில் செல் பிடித்து, இப்போது சுவரேறி என் பையனின் புத்தக அலமாரி வரை வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாவோ, “நீங்க வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் கிடையாது, அட்டைப்பெட்டியா அடுக்கி வச்சிருக்கீங்க, அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்” என்கிறார். மருந்து அடிக்கிற செலவு யாருடையது சார்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அட்டைப்பெட்டி விஷயத்தில் அந்த அம்மா சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, கொஞ்சம்தான். செல்லுக்கு அட்டை விருந்து. ஆனால் அது பெட்டியில் உட்கார்ந்து உங்களோடு குடிவரவில்லை. மண்ணுக்குள் புற்று வைத்து, ஈரம் கண்ட இடத்தில் தரை விரிசல் வழியாக ஏறி, சுவரில் பென்சில் கனத்துக்கு மண்வரி இழுத்துக்கொண்டு மரத்தைத் தேடிப் போகிற ஜாதி அது. ஆற்று வண்டலில் கட்டிய பழைய வீடு, கார்த்திகை வரை காயாத சுவர், அப்புறம் கேட்க வேண்டுமா!

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். யார் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதன் இரண்டாவது அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய், வயரிங் எல்லாம் உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கொசுவலை வரைக்கும் குடியிருப்பவர் தலையில். செல், எலி, மூட்டைப்பூச்சி என்று பெயர் சொல்லி எதுவும் கிடையாது. அதனால் பூச்சி எந்த வழியாக வந்தது என்பதை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. நிலை கட்டடத்தைச் சேர்ந்தது, செல் வந்தது தரைக்கு அடியிலிருந்து, ஆகவே செலவு வீட்டுக்காரருடையது என்பதுதான் என் கட்சி. ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள்: குளியலறைக் குழாய் மாசக்கணக்கில் ஒழுகி, நீங்கள் சொல்லாமலே இருந்திருந்தால் பேச்சு மாறும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். மண்வரியில் ஒரு அங்குலத்தை மட்டும் விரலால் உடைத்துவிட்டு, உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓடுவதை போட்டோ எடுத்து, வீட்டுக்கார அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நேரில் சொன்னது கணக்கில் வராது. நாலைந்து நாளில் உடைத்த இடத்தை அது மறுபடி பூசியிருந்தால் அதையும் அனுப்புங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுச் சும்மா இருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கண்ணில் பட்டது சாகும், ராணி கீழே சௌக்கியமாக முட்டையிட்டுக்கொண்டிருக்கும். சுவரும் தரையும் சேருமிடத்தில் ஓரடிக்கு ஒரு துளை போட்டு மருந்தை இறக்கினால்தான் அடங்கும். அது தரையைத் துளைக்கிற வேலை என்பதால் அவர் சம்மதம் இல்லாமல் ஆள் கூப்பிட்டுவிடாதீர்கள்.

தன் பொறுப்பில் உள்ள பழுதை உரிமையாளர் செய்ய மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா? வாய்ப்பேச்சில்தான் குடியிருக்கிறீர்கள் என்றால் ஜாக்கிரதை, ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணம் காட்டி உரிமையாளர் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். அந்த நிலைமையில் சண்டையைவிடப் பாதிப் பாதி என்று பேசி முடிப்பது மேல், சட்டப்படி தோற்றது மாதிரி இருந்தாலும். பையனின் புத்தகங்களுக்கு நஷ்டஈடு கேட்பது கஷ்டம். அலமாரியை முதலில் சுவரை விட்டு நகர்த்துங்கள்.

கேள்வி: மன்னார்குடியில் மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். புதிதாக வந்தவர்கள் இரண்டாம் நாளே மூட்டைப்பூச்சி என்று புகார் சொல்கிறார்கள். அவர்கள் கட்டிலோடு வந்ததுதானே?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வந்திருக்கலாம். ஆனால் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன பூச்சி, ஆளே இல்லாத வீட்டில் சுவர் இடுக்கிலும் சுவிட்ச் போர்டுக்குப் பின்னாலும் மாசக்கணக்கில் பட்டினி கிடந்து உயிரோடு இருக்கும், மனுஷ வாடை வந்ததும் வெளியே வரும். சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மைப்புள்ளி மாதிரி கறுப்புக் கறையும் உரித்த தோலும் தெரிந்தால் அது இரண்டு நாள் குடித்தனம் இல்லை, மருந்துச் செலவு உங்களுடையது. அவர்கள் கட்டில் சட்டத்தில் மட்டும் தெரிந்தால் அப்போது கேளுங்கள்.