நான் படித்த தோட்டப்பள்ளியையே ஆய்வு செய்யலாமா?

கேள்வி: நான் கல்வியியல் இளங்கலை இறுதியாண்டு மாணவி. ஆய்வேட்டுக்கு நானே தலைப்பெடுத்து, நானே தரவு திரட்டி எழுத வேண்டும். ‘மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம்’ என்று எழுதிக் கொடுத்தேன். தலைப்பு மிக அகலமானது என்று மேற்பார்வையாளர் திருப்பிவிட்டார். நான் படித்த தோட்டப்பள்ளியையே எடுத்துக்கொள்ளலாமா? அங்கே 20 பிள்ளைகள்கூட இல்லை. தலைமையாசிரியர் எனக்குக் கற்பித்தவர் என்பதால் அனுமதி ஒரு சிக்கலாக இராது.
– மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு என்பது நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தே குறையாகும். வினாநிரல் கொடுத்துச் சதவீதம் கணக்கிடப் போகிறீர்கள் என்றால் 20 பேர் போதமாட்டார்கள். ஒரு வகுப்பறையில் நடப்பதை உற்றுநோக்கி விளக்கப் போகிறீர்கள் என்றால் 5 பிள்ளைகளே போதும்.

150-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியை ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு வெவ்வேறு ஆண்டு வகுப்புகளின் பிள்ளைகளை ஒரே அறையில் அமர்த்தி ஒரே ஆசிரியர் கற்பிப்பதும் உண்டு. அத்தகைய ஒரு வகுப்பில் நான் அமர்ந்திருக்கிறேன். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. வலப்பக்கம் இரண்டாம் ஆண்டுக்குக் கணக்கை எழுதிவிட்டு, ஆசிரியர் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் அருகே குனிந்து எழுத்துக்கூட்டச் செய்கிறார். கணக்கை முடித்த அக்காள் எட்டிப் பார்த்துத் தம்பிக்கு விடையை முணுமுணுக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு பாடவேளையில் ஆசிரியரின் தனிக்கவனம் எத்தனை நிமிடம் கிடைக்கிறது, எஞ்சிய நேரத்தில் அவன் யாரிடம் கற்கிறான் என்பதே ஓர் ஆய்வேட்டுக்கு நிறைவான கேள்வி. தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்ற 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டதும் குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தது ஆகியவை பின்னணி இயலில் 2 பக்கங்களுக்குள் அடங்கட்டும்.

அனுமதியைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. தலைமையாசிரியரின் வாய்ச்சொல் மட்டும் போதாது. பல்கலைக்கழகத்தின் ஆய்வுநெறி ஒப்புதல், கல்வி அமைச்சிடம் இணையவழி விண்ணப்பித்துப் பெறும் அனுமதி, மாநிலக் கல்வி இலாகாவின் கடிதம் ஆகியவற்றை முறைப்படி பெற்ற பிறகே பள்ளி வாசலை மிதியுங்கள். பெற்றோரின் எழுத்துவழிச் சம்மதத்தைத் தமிழிலேயே வாங்குங்கள். பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். நான் வழிகாட்டிய ஒரு மாணவர் விண்ணப்பிக்கத் தாமதித்ததால், கடிதம் கைக்கு வந்தபோது பள்ளி ஆண்டிறுதி விடுமுறையில் இருந்தது.

சொந்தப் பள்ளி என்பது பலமும் பலவீனமும் ஆகும். தோட்டத்தில் உங்களை இன்னார் வீட்டுப் பிள்ளை என்று அறிந்தவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். அதே காரணத்தால் ‘உனக்குத் தெரியாததா’ என்று பாதியில் நிறுத்தியும் விடுவார்கள். அங்கே நிறுத்திக்கொள்ளாமல், ‘தெரிந்திருந்தாலும் நீங்களே சொல்லுங்கள்’ என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய ஆசிரியரின் வகுப்பைக் குறை சொல்லக் கை தயங்கும். அந்தத் தயக்கத்தையே ஒரு பத்தியாக ஆய்வுமுறை இயலில் எழுதுங்கள்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். ஆறாம் ஆண்டில் ஒரே ஒரு மாணவி இருக்கும் பள்ளியில் ‘ஆறாம் ஆண்டு மாணவி’ என்று எழுதினாலே சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். ஆண்டையும் பாலினத்தையும் தவிர்த்து எழுதுங்கள். அப்படியும் அடையாளம் தெரியுமானால் அந்த மேற்கோளையே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஆய்வேட்டை நீங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். ஆனால் பேட்டிகள் தமிழில்தான் நடக்கும். ஒரு பாட்டி ‘ஆயாக்கொட்டகையில் தம்பியைப் பார்த்துக்கொண்டே படித்தேன்’ என்றால், அதைக் குழந்தைக் காப்பகம் என்று பெயர்த்த மறுகணமே பாதி வாழ்க்கை உதிர்ந்துவிடும். மூலச் சொல்லை அப்படியே வைத்து அருகில் விளக்கம் தாருங்கள். ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்கக் குறைந்தது 4 மணி நேரம் ஒதுக்குங்கள். பேட்டி எடுத்த அன்றிரவே தொடங்கிவிட்டால் ஒலிப்பதிவில் தெளிவில்லாத சொற்களும் நினைவில் இருக்கும்.