கடல் வழிவிடும் நேரம் பார்த்துப் போங்கள்

கேள்வி: ஆகஸ்ட் நடுவில் பாரிஸில் ஐந்து நாள் இருப்போம். பிரான்ஸின் வடமேற்கில் உள்ள பிரிட்டானிப் பகுதியின் கடற்கரையில் ப்ளூமனாக் என்ற ஊரில், கடலுக்குள் ஒரு துறவியின் சிலை இருக்கிறதாமே. 68 வயது அம்மாவோடு ஒரே நாளில் போய்வர முடியுமா?

ஒரே நாளில் வேண்டாம், ஓர் இரவு தங்குங்கள். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து லானியோனுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரும்பாலும் நடுவில் வண்டி மாற வேண்டும். பிறகு பெரோஸ்-கிரெக்குக்குப் பஸ் அல்லது டாக்சி. ப்ளூமனாக் அந்த ஊரைச் சேர்ந்த பகுதிதான்.

தங்கச் சொல்வது தூரத்துக்காக மட்டும் இல்லை. அங்கே கடல் ஏறி வற்றும் உயரம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 8 மீட்டரைத் தாண்டும். வேல்ஸிலிருந்து கடல் கடந்து வந்து இங்கே கரையேறினார் என்று மரபு சொல்லும் புனித கிரெக், மணற்பரப்பில் ஒரு பாறை மேல் தூண்கள் தாங்கும் சின்னக் கல் மண்டபத்தில் நிற்கிறார். நீர் வற்றினால் நடந்தே அவரிடம் போகலாம். ஏறினால் மண்டபத்தைச் சுற்றி அலைதான். இரண்டையும் பார்த்தால்தான் அந்த இடம் புரியும். இடைவெளி ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

அந்தக் கரையில் ஒரு வசதி உண்டு. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் நீர் நன்றாக வற்றுவது மதியத்தை ஒட்டி, நிரம்புவது மாலையில். காலண்டரைப் பார்த்து அப்படி ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். துல்லியமான நேரத்துக்குப் பெரோஸ்-கிரெக்கின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். ஈரப்பாறையில் பாசி வழுக்கும், அம்மாவுக்குப் பிடிமானமுள்ள செருப்பு அவசியம்.

இப்போது மண்டபத்தில் இருப்பது கருங்கல் சிலை. பழைய மரச்சிலை கரையிலுள்ள சிற்றாலயத்தில் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் கல்யாணம் ஆகாத பெண்கள் அதன் மூக்கில் ஊசி குத்துவார்கள். ஊசி நின்றால் ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் என்று நம்பிக்கை. குத்திக் குத்தி மூக்கே சிதைந்துவிட்டது. எத்தனை பெண்கள் எவ்வளவு ஏக்கத்தோடு வந்திருப்பார்கள்! எனக்கு அங்கே மிகவும் பிடித்தது அந்த முகம்தான்.

ஆகஸ்ட் 15 உங்கள் தேதியில் வந்தால் இன்னும் நல்லது. அன்று ஊருக்கு மேலே குன்றில், இளஞ்சிவப்புக் கருங்கல்லில் கட்டிய நோத்ர் தாம் த லா கிளார்த்தே ஆலயத்தில் திருவிழா. பிரிட்டானியில் அதைப் 'பர்தோன்' என்பார்கள். மாதா பவனி உண்டு. 'கிளார்த்தே' என்றால் வெளிச்சம். கண் நோய் தீர வேண்டி வருபவர்களின் மாதா இவர். கூட்டம் அதிகம் இருக்கும், அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

அப்புறம், கடத்தலைத் தடுக்கச் சுங்கக் காவலர்கள் நடந்த கரையோரப் பாதை. முழுதும் நடக்க வேண்டாம். கிரெக் கடற்கரையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போதும், அம்மாவை மெதுவாக அழைத்துப் போகலாம். சாயங்கால வெயிலில் பாறைகள் செம்பு நிறமாகும். அந்த நேரத்தில் திரும்பி வந்தால் கிரெக்கைச் சுற்றி நீர் ஏறியிருக்கும்.