டர்பன் பள்ளி நூலகம், மாயக்கதை, நீங்கள் எழுத நினைக்கும் புகார்

தம்பி, உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன். தென்னாப்பிரிக்காவுக்கு, இந்த டர்பனுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பையன் பள்ளி நூலகத்திலிருந்து ரிக் ரியோர்டனின் 'தி ஹவுஸ் ஆஃப் ஹேடிஸ்' எடுத்து வந்திருக்கிறான், அதில் ஒரு பையனுக்கு இன்னொரு பையன் மேல் ஆசை என்று தெரிந்ததும் உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் தூக்கம் போய்விட்டது. சின்னப் பிள்ளைகள் படிக்கிற மாயக்கதையில் கே கதாபாத்திரம் எதற்கு, பள்ளிக்குப் புகார் எழுதலாமா, எழுதினால் நம்மை எப்படிப் பார்ப்பார்கள், ஊரில் பெரியவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா. இவ்வளவும்தானே?

புகார் எழுதாதீர்கள். எழுதுவது தப்பு என்பதற்காகச் சொல்லவில்லை. இங்கே எந்தப் பெற்றோரும் எதைப் பற்றியும் எழுதலாம், வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், அதற்கு மேல் பெற்றோர்களே பெரும்பான்மையாக உட்கார்ந்திருக்கும் எஸ்ஜிபி எனும் பள்ளி நிர்வாகக் குழு என்று படிப்படியாகப் போகலாம். புத்தகத்தை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது, அதனால்தான் சொல்கிறேன். முதலில் படியுங்கள்.

என் மகள் அந்தத் தொடரிலேயே கிடந்த காலத்தில் நானும் கூடவே படித்தேன். நீங்கள் பயப்படும் இடம் நிக்கோ என்ற பையனுடையது. பாதாள தேவன் ஹேடிஸின் மகன், அக்காவை இழந்தவன், யாரோடும் ஒட்டாதவன். குரோஷியாவில் ஸ்பிலிட் நகரத்தின் பழைய ரோமானிய அரண்மனையில் மன்மதன், அதாவது ரோமானியர்களின் கியூபிட், அவனை மடக்கி உள்ளே ஒளித்து வைத்திருப்பதைச் சொல்ல வைக்கிறான். தொடரின் கதாநாயகன் பெர்சி மேல் தனக்கு இருந்த ஆசையை அவன் அழுகையும் ஆத்திரமுமாக ஒத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். முத்தம் இல்லை, தொடுதல் இல்லை. பக்கத்தில் நின்று கேட்ட ஜேசன் அவனைக் கேலி செய்யவில்லை, வேறு யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. அந்த அத்தியாயத்தில் என் மனதில் நின்றது ஜேசன் நடந்துகொண்ட விதம்தான். நண்பன் ஒரு ரகசியத்தைச் சொன்னால் எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பத்துப் பதினொரு வயசுப் பையன் இதைவிட நன்றாக எங்கே படிக்கப்போகிறான்? நீங்கள் கவலைப்பட வேண்டுமென்றால் டார்டரஸ் என்ற கிரேக்கப் பாதாளத்தில் நடக்கும் பகுதிகளுக்குக் கவலைப்படுங்கள், இரவில் படித்தால் பையன் நிச்சயம் உங்கள் கட்டிலுக்கு வந்துவிடுவான்.

'இந்த வயசில் காதலே எதற்கு' என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் அப்படியானால் பெர்சிக்கும் அவன் காதலி அனபெத்துக்கும் அதே கேள்வி போக வேண்டும். அவர்கள் தண்ணீருக்கடியில் முத்தமே கொடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு யாரும் தூக்கம் கெட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இன்னொன்று, 'எழுத்தாளர் வேண்டுமென்றே திணிக்கிறார்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த மனிதர் பல வருடம் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். கற்றல் குறைபாடும் கவனக்குறைபாடும் இருந்த தன் மகனுக்குச் சொன்ன கதைதான் 2005-இல் இந்தப் பெர்சி கதைகளின் முதல் புத்தகமாக வந்தது, அதனால் கதாநாயகனுக்கும் அதே இரண்டும் உண்டு. அதை யாரும் திணிப்பு என்று சொல்லவில்லை, தங்கள் பிள்ளை மாதிரி ஒருவன் கதைக்குள் இருக்கிறானே என்று சந்தோஷப்பட்டார்கள். அதோடு இவை கிரேக்கப் புராணத்தின் மேல் கட்டிய கதைகள். அந்தப் புராணத்தில் அப்பல்லோ தேவனுக்கு ஹயசிந்தஸ் என்ற இளைஞன் மேல் இருந்த காதல் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு. பிள்ளைகளுக்காக எழுதும்போது அதை வெட்டி எடுப்பதுதான் வழக்கமாக இருந்தது, இவர் வெட்டவில்லை.

நம் ஆட்களிடம் இதைப் பேசினால் உடனே சிகண்டி, அரவான், மோகினி என்று ஆரம்பிப்பார்கள், நம்மிடம் இல்லாததா என்று. எனக்கு அந்த வாதம் பிடிப்பதில்லை. அவை வேறு கதைகள், ஆண் பெண் உருமாற்றம் பற்றியவை. ஆணை விரும்பும் ஒரு சாதாரணப் பையனின் கதைக்கு அவற்றை முட்டுக் கொடுக்கத் தேவையில்லை.

எனக்குக் கோபம் வந்தது ஹாரி பாட்டர் விஷயத்தில்தான். ஏழு புத்தகமும் வெளிவந்து முடிந்த பிறகு, 2007 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு மேடையில் வாசகர் ஒருவர் கேட்டபோது, கதையில் வரும் தலைமையாசிரியர் டம்பிள்டோரைத் தான் எப்போதும் கே என்றே நினைத்திருந்ததாக அதை எழுதிய ரௌலிங் சொன்னார். கைதட்டல் கிடைத்தது. புத்தகத்துக்குள் போய்த் தேடினால் வெளிப்படையாக ஒரு வரி கிடையாது. பக்கத்தில் இல்லாத பாத்திரத்தால் எந்தப் பிள்ளைக்கு என்ன பயன்? 2022-இல் வந்த டம்பிள்டோர் படத்தில் ஒருவழியாக வசனம் வைத்தார்கள், சீனாவில் ஆறு நொடி வசனத்தை வெட்டியதும் படம் ஓடிவிட்டது. அவ்வளவு சுலபமாகக் கழற்ற முடிகிற மாதிரி வைத்தால் அது பாத்திரம் இல்லை, விளம்பர அட்டை. நிக்கோவை அப்படிக் கழற்றினால் கதையே குலையும். என்னைக் கேட்டால், இருக்கலாமா என்று கேட்பதை விட்டுவிட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி இந்த நாட்டுக்கு வருகிறேன், நீங்கள் புதுசு என்பதால். இங்கே 1996 அரசியலமைப்பின் ஒன்பதாவது பிரிவே பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்கிறது, உலகில் இப்படி எழுதி வைத்த முதல் நாடு இது. சும்மா வந்து விழவில்லை. சைமன் நிகோலி என்ற கறுப்பினப் போராளி 1980-களில் தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தபோதே தான் கே என்று கூட இருந்த தோழர்களிடம் சொன்னார், முதலில் பெரிய சண்டை, அப்புறம் அவர்களில் பலருடைய மனமே மாறியது. 2002-இல் ஒரே பாலினத் தம்பதிகள் சேர்ந்து தத்தெடுக்கலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. 2006-இல் திருமணம். உங்கள் பையனின் வகுப்பில் இரண்டு அம்மா இருக்கும் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம், உங்களுக்குத் தெரியாமலே. அந்தப் பிள்ளையின் வீட்டைப் பற்றிய வரி ஒன்று நூலகத்தில் இருக்கக்கூடாது என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததாகத்தான் அந்தப் புகாரைப் படிப்பார்கள்.

உங்கள் அதிர்ச்சி எனக்குப் புரியாமல் இல்லை. நீங்கள் வளர்ந்த காலத்தில் ஊரில் இது குற்றம். அதைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப்பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் தளர்த்தியதே 2018 செப்டம்பரில்தான்.

அதே நேரம் இங்கே எல்லாரும் முற்போக்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். இந்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணிக்கு ஆடிய யூடி சிமெலானே லெஸ்பியன் என்பதை மறைக்காமல் வாழ்ந்தவர், அவரை 2008-இல் கொடூரமாகக் கொன்றார்கள். பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் மகளே ஒரு பெண்ணை மணந்ததால் ஆங்கிலிக்கன் சபையில் பாதிரியாராக இயங்கும் அனுமதியை இழந்தார். டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் ஆட்கள், 1860-இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கோவிலுக்குப் போகிறவர்களும் சரி, பெந்தகொஸ்தே சபைக்குப் போகிறவர்களும் சரி, இந்த விஷயத்தில் உங்கள் மதுரைச் சித்தப்பா மாதிரியேதான் பேசுவார்கள். காவடி நாளில் பந்தியில் பக்கத்தில் உட்காரும் ஆண்ட்டி ஒருவர் 'ஆமாம், புகார் கொடு' என்று உங்கள் வீட்டம்மாவை ஏற்றிவிடவும் கூடும். ஆனால் அந்த ஆண்ட்டி குடும்பத்திலேயே ஒரு அக்கா மகன் தன் துணையோடு கேப் டவுனில் இருப்பான், தீபாவளிக்கு இரண்டு பேரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்த வாய் திறக்காத ஏற்பாடு பெரியவர்களுக்கு வசதி. பன்னிரண்டு வயசில் தனக்குள் ஏதோ வேறு மாதிரி இருக்கிறது என்று உணர்கிற பிள்ளைக்கு அதில் ஒரு வழியும் தெரியாது, ஒரு மாயக்கதையில் நிக்கோ கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடும்.

பையனிடம் என்ன சொல்வது என்றால், அவனாகக் கேட்காதவரை பிரசங்கம் வேண்டாம். கேட்டால், சில ஆண்களுக்கு ஆண்களைப் பிடிக்கும், சில பெண்களுக்குப் பெண்களை, அவ்வளவு போதும். அதற்கு மேல் லைஃப் ஸ்கில்ஸ் வகுப்பும் விளையாட்டு மைதானமும் சொல்லிவிடும், மைதானம் சொல்வது பெரும்பாலும் அசிங்கமாக இருக்கும் என்பதால் உங்கள் வாயால் முதலில் கேட்பது நல்லது. புத்தகத்தைப் பிடுங்கி மட்டும் வைக்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை வீட்டுக்கு வெளியே படிப்பான், உங்களிடம் பேசவும் மாட்டான்.

ஊரில் தாத்தா பாட்டிக்குச் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டாம். அவன் இதுவரை படித்த எந்தப் புத்தகத்தைப் பற்றியும் நீங்கள் அவர்களிடம் சொன்னதாகத் தெரியவில்லையே.