தையல் தெரிந்த தாய் ஏன் வேலைக்குத் திரும்புவதில்லை?

கேள்வி: பேர்ணாம்பட்டு அருகே ஷூ அப்பர் (காலணியின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். 65 பேர், பெரும்பாலும் பெண்கள். பிரசவத்துக்குப் போகிறவர்களில் பலர் திரும்புவதில்லை. ஆம்பூர்ப் பக்கம் பெரிய கம்பெனிகளில் குழந்தைகள் காப்பகம், வேன் எல்லாம் இருக்கின்றன. எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

பதில்: கட்டுப்படியாகும். அதிலும் காப்பகம் உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் அது கட்டாயம் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-லேயே திருத்தம் வந்துவிட்டது. தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்தும் நடத்தலாம். சிறிய முதலாளிக்கு அதுதான் வசதி.

இன்னொரு பயம் விடுப்புச் சம்பளம். ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரப் பணத்தை ஈ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. இது தெரியாமல், புதிதாகத் திருமணமான பெண் வேலை கேட்டு வந்தாலே முகம் சுளிக்கும் முதலாளிகள் நம் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

பெரிய கம்பெனிகள் மனமிரங்கி மட்டும் இதைச் செய்யவில்லை. கை பழகிய தையல்காரி ஒருத்தி நின்றுவிட்டால் அவளுக்குப் பின்னால் உள்ள லைன், அதாவது வேலை கைமாறிச் செல்லும் வரிசை, முழுவதும் தேங்குகிறது. புதிதாக வந்தவள் வளைவில் ஊசி பிசகாமல் தைக்கப் பழகும்வரை கழிவுத் துண்டுகள் குவியும். கப்பல் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள், ஓர் ஆயாவின் சம்பளம் பெரிதாகத் தெரியாது.

வெளிநாட்டு வாங்குநர்கள் தொழிற்சாலைக்கு வந்து வசதிகளைப் பார்க்கும் தணிக்கையும் ஒரு காரணம்தான். ஆனால் தணிக்கை நாளில் மட்டும் பூட்டைத் திறந்து பொம்மை அடுக்கும் காப்பகத்தால் ஒருத்தியும் திரும்பி வரமாட்டாள். ஆயா அந்தப் பெண்களுக்குத் தெரிந்தவராக, முடிந்தால் அவர்கள் ஊர்க்காரராக இருக்கட்டும்.

நேரச் சலுகை லைனில் கடினம். கைக்குழந்தைக்காரிகளைச் சில மாதங்களுக்கு ஒட்டுதல், மடித்தல் போன்ற மேசை வேலைக்கு மாற்றினால் அரைமணி தாமதம் யாரையும் நிறுத்தாது. சூப்பர்வைசரின் வாயையும் கவனியுங்கள். சலுகை கொடுத்தும் ஆள் நிற்காத இடங்களில் பெரும்பாலும் காரணம் அதுதான்.

எதையும் தொடங்குமுன், நின்றுபோனவர்களிடம் காரணம் கேளுங்கள். மேலாளரை அனுப்பாமல், கூட உட்கார்ந்து தைத்த பெண்ணை அனுப்புங்கள். மேலாளர் போனால், "வீட்டில் சூழ்நிலை சரியில்லை" என்று மட்டும்தான் பதில் வரும்.