அக்கா பதில்கள்: ஜப்பான் உணவகத்துக்கு அப்பா அம்மாவை அழைத்துப்போகும் முன்

கோலாலம்பூரில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பதவி உயர்வு, கல்யாண நாள் என்று குடும்பத்தைப் பெரிய ஜப்பான் உணவகங்களுக்கு அழைத்துப்போக ஆரம்பித்துவிட்டார்கள். இந்த மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான், அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, அப்பா அம்மாவின் முப்பதாவது கல்யாண நாளுக்குக் கோலாலம்பூரில் ஓர் ஓமாகாசே உணவகத்தில் இடம் பதியப் போகிறேன். மூன்று பேர், ஆளுக்கு 480 வெள்ளி. அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், மாட்டிறைச்சி தவிர எல்லாம் சாப்பிடுவார். அம்மா வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் சைவம். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: தம்பி, முதலில் அம்மாவின் விரத நாட்களைப் பாருங்கள், அப்புறம் உணவகத்துக்குப் போன் போடுங்கள். ஓமாகாசே என்றால் மெனு பார்த்துச் சொல்கிற வேலை கிடையாது, அன்றைக்கு எந்த மீன் நன்றாக வந்திருக்கிறதோ அதைச் சமையல்காரரே முடிவு செய்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார். அதனால் இடம் பதியும்போதே "மாட்டிறைச்சி வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். வாக்யூ என்று நடுவில் ஒரு துண்டு வரும், அது மாட்டிறைச்சிதான். போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களும் தடுமாறுவார்கள், அப்பாவும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சங்கடப்படுவார்.

சைவ நாளில் அம்மாவை அங்கே அழைத்துப்போகவே வேண்டாம் என்பது என் கருத்து. மீன் துண்டு கண்ணில் படவில்லை என்றால் சைவம் என்று நம்பிவிடுகிறோம், ஆனால் ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளமே டாஷி என்கிற சாறுதான். கொம்பு என்ற கடற்பாசியையும் கட்சுவோபுஷி என்ற சூரை மீன் சீவலையும் போட்டு அதை எடுக்கிறார்கள். நம் மாசிக் கருவாடு மாதிரி மீனை வேகவைத்து, புகை காட்டி, கட்டையாகக் காயவைத்து, மெல்லிசாகச் சீவியது அது. மிசோ சூப்பில் அது இருக்கும், மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் சாற்றில் இருக்கும், தோஃபு மேல் ஊற்றுவதிலும் இருக்கும். கொம்பும் ஷீத்தாக்கே காளானும் மட்டும் போட்டு எடுக்கும் சைவ டாஷியும் உண்டு, ஜப்பானில் புத்த கோயில் சமையலில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதைச் செய்து தர முடியுமா என்று கேட்கலாம். முடியாது என்று நேராகச் சொல்கிற கடையை மதியுங்கள், "பார்த்துக்கொள்ளலாம்" என்று மழுப்புகிற கடையை நம்பாதீர்கள். அப்பா மது தொடாதவர் என்றால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் சாக்கே, மிரின் இரண்டும் சமையலிலேயே சேர்வது வழக்கம், அவை மது வகைதான்.

இன்னும் ஒன்று. சில உணவகங்களில் ஒரே வேளைக்கு வருகிற எல்லாருக்கும் சேர்த்தே பரிமாறுவார்கள், நீங்கள் தாமதமானால் மற்றவர்களும் காத்திருக்க வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து அன்றைக்கே கிளம்பி நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் அப்பா அம்மாவை முதல் நாளே உங்கள் வீட்டுக்கு வரவழைத்துவிடுங்கள். செண்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், சூஷி மேடையில் மீனின் வாசனையும் சோற்றின் வாசனையும் முக்கியம். அம்மாவின் மல்லிகைச் சரமும் கொஞ்சம் சின்னதாகவே இருக்கட்டும்.

கேள்வி: எனக்குச் சாப்ஸ்டிக் பிடிக்க வராது. மருமகன் வீட்டார் முன்னால் கையால் சாப்பிட்டால் கேவலமாக நினைப்பார்களா, அக்கா?

பதில்: அம்மா, தைரியமாகக் கையால் சாப்பிடுங்கள். சோற்று உருண்டை மேல் மீன் வைத்துத் தருகிற நிகிரி சூஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது ஜப்பானியர்களிடமே உள்ள வழக்கம்தான். உட்கார்ந்ததும் சுருட்டிய ஈரத்துண்டு ஒன்று தருவார்கள், அது கை துடைக்கத்தான், முகத்துக்கும் கழுத்துக்கும் இல்லை. சஷிமி மாதிரி வெறும் மீன் துண்டுகளுக்கு மட்டும் சாப்ஸ்டிக் வேண்டும், வராவிட்டால் முள்கரண்டி கேளுங்கள், கொடுப்பார்கள்.

சமையல்காரர் செய்வதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், அங்கே கொடுக்கிற காசில் பாதி அதற்குத்தான். ஒரு கையில் மீன் துண்டை எடுத்து, விரல் நுனியால் வசாபி என்ற காரமான பச்சை விழுதை ஒரு தீற்று தீற்றி, வினிகர் கலந்த வெதுவெதுப்பான சோற்றை மற்ற கையால் திரட்டி மேலே வைத்து, நாலைந்து அமுக்கில் முடித்துவிடுவார். சோறு வெளியே கெட்டியாக நிற்கும், வாயில் போட்டதும் உதிர்ந்துவிடும். கடைசியில் சின்னத் தூரிகையால் மீன் மேல் சோயா கிச்சாப் தடவி உங்கள் முன்னால் வைப்பார். வைத்த உடனே ஒரே வாயில் சாப்பிட வேண்டும். படம் எடுத்து, வாட்சப்பில் அனுப்பி, அப்புறம் சாப்பிட்டால் சோறு ஆறிவிடும், அதே விலைக்கு வேறு சாப்பாட்டைச் சாப்பிட்ட கணக்காகிவிடும். கிச்சாப் தடவாமல் தந்தால் மீன் பக்கத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், சோற்றைத் தொட்டால் அது எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு உடைந்துபோகும். இஞ்சி ஊறுகாய் ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் நாக்கைச் சுத்தம் செய்ய. காரம் ஆகாது என்றால் வசாபி குறைக்கச் சொல்லுங்கள்.

சாப்ஸ்டிக் எடுத்தால் இரண்டு விஷயம் மட்டும் வேண்டாம். சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவை மாற்றாதீர்கள். ஒன்று இறந்தவருக்குப் படைக்கும் சோறு, மற்றது தகனத்துக்குப் பிறகு எலும்பு எடுக்கும் முறை. சாவு வீட்டுச் சடங்கைச் சாப்பாட்டு மேசையில் செய்தால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும்.

கேள்வி: மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். விலை உயர்ந்த கடைதானே, பச்சை மீன் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மைனஸ் 20 பாகை செல்சியஸில் 7 நாள் உறையவைத்தால் மீனில் உள்ள ஒட்டுண்ணிப் புழுக்கள் செத்துவிடும், ஆனால் கிருமிகள் எல்லாம் சாகாது, விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயதானவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும்கூடத் தவிர்ப்பது நல்லது. முன்கூட்டியே சொன்னால் அவருக்கு மட்டும் நன்றாக வேகவைத்ததையும் வாட்டியதையும் கொடுப்பார்கள்.

கேள்வி: அக்கா, எனக்குப் பதவி உயர்வு கிடைத்த சந்தோஷத்தில் எல்லாரையும் ஜப்பான் உணவகத்துக்குக் கூப்பிட்டேன். பாட்டிக்கு 88 வயது. அவருடைய அப்பாவை 1943-இல் ஜப்பான் ராணுவத்தார் தோட்டத்திலிருந்து சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவே இல்லை. "அவன் சோற்றை நான் தொட மாட்டேன்" என்கிறார். எப்படிச் சமாதானம் செய்வது?

பதில்: சமாதானம் செய்யாதீர்கள், கண்ணு. பாட்டிக்கு அப்போது ஆறு வயது இருக்கும். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை முடித்தார்கள், அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் போனார்கள், ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்டவர்கள், காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். இங்கே இருந்தவர்கள் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அதையெல்லாம் பார்த்த ஒருவரிடம் "அது அந்தக் காலம் பாட்டி" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அதற்காக நீங்கள் போகக் கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கு அந்த மேடைக்குப் பின்னால் நிற்கிற சமையல்காரர் யாரையும் சயாமுக்குக் கொண்டுபோகவில்லை. நீங்கள் உழைத்து வாங்கிய உயர்வை உங்களுக்குப் பிடித்த சாப்பாட்டோடு கொண்டாடுங்கள். பாட்டிக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கி அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பேச விரும்பினால் அப்பாவின் முழுப்பெயர், எந்தத் தோட்டம், கூடப் போனவர்கள் யார் என்று கேட்டு எழுதிவையுங்கள், குரலையும் பதிவு செய்யுங்கள். நம் ஊரில் இதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது மிகக் குறைவு, எழுதியதை எனக்கும் அனுப்பினால் மிகவும் மகிழ்வேன்.

கேள்வி: விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போடுகிறார்களே, அது என்ன? டிப்ஸ் வைக்க வேண்டுமா?

பதில்: ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், மற்றது 6 விழுக்காடு சேவை வரி. முதல் கடிதம் எழுதிய தம்பியும் இதைக் கவனிக்கவும்: 480 வெள்ளிக்குப் பின்னால் அந்தக் குறிகள் இருந்தால் மூன்று பேருக்கு 1,440 இல்லை, ஏறக்குறைய 1,670 வெள்ளி வரும். தண்ணீர் பாட்டிலுக்கும் பானங்களுக்கும் பெரும்பாலும் தனிக் கணக்கு, உட்காரும்போதே கேட்டுவிடுங்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் ஜப்பானில் கிடையாது, இங்கேயும் சேவைக் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள், அதனால் வைக்காமல் வந்தால் தப்பில்லை. கை கடித்தால் அதே உணவகத்தில் மதியச் சாப்பாடு இருக்கிறதா என்று விசாரியுங்கள், இரவை விட விலை நன்றாகவே குறைந்திருக்கும்.