மணாலி – லே, சுமை சைக்கிளில் இருவர்: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

நானும் வீட்டுக்காரரும் போன செப்டம்பரில் இமாச்சலத்து மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை சைக்கிளில் போய் வந்தோம். கூட வேன் வரவில்லை. கூடாரம், அடுப்பு, துணிமணி எல்லாம் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு போனோம். மொத்தம் 17 நாள். அதை 11 நாளில் முடித்திருக்க வேண்டியது; ஏன் நீண்டது என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன். நாங்கள் நாமக்கல் பக்கம், இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஒரு வாரமாக வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, அவ்வளவு சுமையோடு 5,000 மீட்டருக்கு மேல் எப்படி மிதிச்சீங்க? என் ஹைப்ரிட் சைக்கிளில் ஏற்காடே நாக்குத் தள்ளுது.

தம்பி, உங்கள் காலைக் குறை சொல்லாதீங்க, கியரைப் பாருங்க. முன்னால் சின்னப் பல்சக்கரம் 22, பின்னால் பெரியது 34 என்று இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் 26 அங்குலச் சக்கர வண்டி ஏறக்குறைய 1.3 மீட்டர்தான் நகரும். நிமிஷத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 5 கிலோமீட்டருக்கும் குறைவு. நடை வேகம்தான், ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தபடியே போகலாம். உங்கள் வண்டியில் முன்னால் 34, பின்னால் 32 என்று இருந்தால் ஒரு சுற்றுக்கு 2.3 மீட்டர். அதே 60 சுற்றுக்கு மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் பிடித்தாக வேண்டும். சுமையோடு மேட்டில் அது முடியாது, முட்டிதான் போகும். புது வண்டி வாங்க வேண்டாம், முன்பக்கப் பல்சக்கரத்தையும் பின் கேசட்டையும் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) மாற்ற முடியுமா என்று கடையில் கேளுங்கள்.

இன்னொன்று: அந்தச் சாலை ராணுவ லாரி ஏறுவதற்காகப் போட்டது. சரிவு பெரும்பாலும் 5, 6 சதவீதம்தான். பேர் பெற்ற காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளும் அப்படித்தான். கல்லட்டி மலைப்பாதையைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சரிவு ஒன்றுமே இல்லை. அங்கே வதைப்பது காற்றுக் குறைவு. தங்லங் லா (லா என்றால் கணவாய்) 5,328 மீட்டர்; அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி அளவுதான். இருபது மிதிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினேன்.

கேள்வி: யார் எவ்வளவு சுமை எடுத்தீங்க? பாதிப் பாதிதானே நியாயம்?

நியாயம் பார்த்தால் ஊர் போய்ச் சேர முடியாது. நாங்களும் முதலில் ஆளுக்கு 14 கிலோ என்று சமமாகப் பிரித்துத்தான் கொல்லிமலையில் ஏறிப் பார்த்தோம். அவர் மேலே சோளக்காட்டில் டீ குடித்து முடித்து, உடம்பு குளிர்ந்து நடுங்கிக்கொண்டு நின்றார். நான் வந்து சேர்ந்ததும் “கிளம்பலாமா?” என்றார். அவருக்கு ஓய்வு முடிந்துவிட்டது, எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அன்றைக்கு நடந்த சண்டையை இங்கே எழுத மாட்டேன்.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டோம். சுமையே இல்லாமல் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வர அவருக்கு 2 மணி 20 நிமிஷம், எனக்கு 2 மணி 45. மலை ஏறும்போது நேரத்தைத் தீர்மானிப்பது ஆளும் வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை. அவர் 72 கிலோ, நான் 52 (கணக்குக்காகச் சொல்கிறேன், யாரும் திரும்பக் கேட்காதீர்கள்), வண்டி ஒவ்வொன்றும் 14. இருவருக்கும் ஒரே நேரம் வரவேண்டும் என்றால் 28 கிலோவில் 23 அவருக்கு, 5 எனக்கு என்று வந்தது. நம்பாமல்தான் கட்டினோம். மூன்று மணிக்குக் கொஞ்சம் குறைவாக, இரண்டு பேரும் ஒன்றாகவே சோளக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், ஒவ்வொரு கிலோவாக மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒருவர் பேச முடிகிறபோது மற்றவரும் பேச முடிந்தால் சுமை சரி. எங்களிடம் பயிற்சிக்குச் சரக்கு வேறு என்ன இருக்கிறது, பொன்னி அரிசி மூட்டைதான்.

கேள்வி: எடையைக் குறைக்க டைட்டானியம் அடுப்பு, டைட்டானியம் கரண்டி எல்லாம் வாங்கணுமா?

5 கிலோ கூடுதலாக இருந்தால், 1,000 மீட்டர் ஏற்றத்துக்கு நிதானமாக மிதிப்பவருக்கு எட்டு நிமிஷம் போல அதிகமாகும். அவ்வளவுதான். கரண்டியை விடுங்கள், குளிருக்கான தூக்கப் பையில் காசு போடுங்கள். செப்டம்பரில், வழியில் இருக்கும் சர்ச்சூவில் இரவு, பாட்டில் தண்ணீர் உறைந்துவிட்டது.

ஆனால் எடையை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். எல்லாவற்றையும் பின் கேரியரில் ஏற்றினால், மேட்டில் முன்சக்கரம் மண்ணைத் தொடாமல் ஆடும். கனமானதை (அடுப்பு எரிபொருள், அரிசி, கருவிகள்) பைகளின் அடியில் வையுங்கள், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கிலும் இரண்டு சின்னப் பை மாட்டுங்கள்.

கேள்வி: 17 நாள் ஏன் ஆச்சு?

நேராகச் சொல்கிறேன், எங்கள் தப்பு. ரோதங் கணவாய் வழியாக ஏறி, சிஸ்ஸூ, கேலாங், ஜிஸ்பா வரை ஒழுங்காக வந்தோம். அடல் சுரங்கம் வந்தபின் ரோதங் ஏற வேண்டிய கட்டாயம் இல்லைதான். ஆனாலும் 3,978 மீட்டர் ஏறி இறங்குவது உடம்பைப் பழக்கும் என்று ஏறினோம். அதுவரை நல்ல பிள்ளைகள். ஜிஸ்பா 3,200 மீட்டர். அடுத்த நாள் உற்சாகத்தில் ஒரே மூச்சில் ஜிங்ஜிங்பார் போய்விட்டோம், அது 4,270. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கடுத்த நாள் பாரலாச்சா லா தாண்டிச் சர்ச்சூ.

அன்று இரவு அவருக்குத் தலைவலி, வாந்தி. விடியற்காலை ஒரு காலின் குதியை மறுகாலின் விரலோடு ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நடந்துவிட்டார், நல்லவேளை. தள்ளாடியிருந்தால் மூளையில் வீக்கம் என்று அர்த்தம், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால் நுரையீரலில் நீர். அதற்கும் அதேதான், கீழே இறங்க வேண்டும்.

சர்ச்சூவின் கொடுமை என்னவென்றால், அங்கிருந்து சும்மா இறங்கிவிட முடியாது. லே பக்கம் போனால் அதைவிட உயரமான கணவாய்கள் வரிசையாக நிற்கின்றன. மணாலி பக்கம் திரும்பினால் 4,890 மீட்டர் பாரலாச்சாவை மறுபடி தாண்டியாக வேண்டும். ஒரு சரக்கு டெம்போவைப் பிடித்து, சைக்கிளை மேலே கட்டி, பாரலாச்சா தாண்டி ஜிஸ்பாவுக்கே இறங்கினோம். மாலைக்குள் ரசம் கேட்டார். இரண்டு நாள் படுத்தோம். அப்புறம் நடுவில் பட்சியோவில் ஒரு இரவு தங்கி, அதே மேட்டை மறுபடி மிதித்தோம்.

அதிலிருந்து சுமையும் மாறிவிட்டது. கீழே 23 கிலோ தூக்கியவர், மேலே 12தான். மீதி 16 என் வண்டியில். மலைநோய் பலசாலி, நோஞ்சான் என்று ஆள் பார்த்து வருவதில்லை. வேகமாக ஏறுகிறவர்தான் சீக்கிரம் மாட்டுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: டயமாக்ஸ் (மலைநோய்த் தடுப்பு மாத்திரை) போட்டீர்களா?

நான் போட்டேன், 125 மில்லிகிராம், காலையும் இரவும், எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி. வீட்டுக்காரர் “எனக்கெதுக்கு” என்றார். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரல் நுனி மரத்துப்போன மாதிரி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும்.

கேள்வி: அதையே கேட்கிறேன் அக்கா. மரமே இல்லாத இடத்தில் பெண்கள் என்ன செய்வது? கேட்கக் கூச்சமா இருக்கு.

இதில் என்ன கூச்சம் தங்கச்சி. மோரே சமவெளியில் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு ஒரு புதர்கூட இல்லை. தலைவழியாகப் போடும் தொளதொள மழைக்கோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டு உட்கார்ந்தால் கூடாரம் மாதிரி. மழைக்கு நான் அதை ஒரு நாள்தான் போட்டேன், இதற்குத் தினமும். மாதவிலக்கு நாளில் பயன்படுத்தியதை இரட்டைப் பையில் போட்டுக் கூடவே கொண்டு வந்தேன். அங்கே புதைத்தால் மக்காது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதீர்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் வேண்டும்.

கேள்வி: வயது 61. இறக்கம் பயமாக இருக்கிறது. பிரேக் தாங்குமா?

ஐயா, பயம் இருப்பது நல்லது. பிரேக்கை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். ரிம் பிரேக் என்றால் தொடர்ந்து தேய்த்த சூட்டில் டியூபே வெடிக்கும். டிஸ்க் என்றால் நின்றதும் தட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள். என் விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. உச்சியிலேயே கையுறை, காற்றுத் தடுக்கும் சட்டை மாட்டிக்கொண்டு இறங்குங்கள். விரல் மரத்துப்போனால் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஏறும்போது ஒரு சூட்சுமம்: நாம் சாலையின் இடப்பக்கம் போகிறோம். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளி வட்டம், சரிவு குறைவு, கொஞ்சம் இளைப்பாறலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள் வட்டம், திடீரென்று செங்குத்தாக நிமிரும். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: சாப்பாடு? நாங்கள் சோறு இல்லாமல் இருக்க மாட்டோம்.

வழியெல்லாம் கூடார தாபாக்கள் உண்டு. பருப்பு, சோறு, ராஜ்மா, ஆம்லெட், மேகி. பாங்கில் (4,600 மீட்டர்) தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேகவே வேகாது. அவர்கள் குக்கர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் எடுத்துப் போனது புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சத்துமாவு, கடலைமிட்டாய். காலை ஐந்தரைக்குச் சத்துமாவுக் கஞ்சி குடித்து ஆறுக்குக் கிளம்பிவிடுவோம். மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று அடிக்கும். பனி உருகி, சாலையைக் கடக்கும் ஓடைகளிலும் தண்ணீர் ஏறிவிடும். காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடையில் மாலையில் லாரியே தயங்கி நிற்கும்.

கேள்வி: காட்டா லூப்ஸில் பேய் இருக்காமே?

ஒரு வளைவில் தண்ணீர்ப் பாட்டில்கள் குவிந்து கிடக்கும். பழுதான லாரிக்குக் காவலாக இருந்த கிளீனர் பனியில் தாகத்தோடு செத்தார் என்று கதை. நானும் ஒரு பாட்டில் வைத்தேன். வீட்டுக்காரர் “அரைக் கிலோ குறைஞ்சுது” என்றார்.

கேள்வி: இரட்டை சைக்கிள், அதான் டேண்டம் வாங்கலாமா? வேகப் பிரச்சினையே வராதே?

வராது. ஆனால் அவருக்குச் சர்ச்சூவில் முடியாமல் போனபோது எங்களிடம் டேண்டம் இருந்திருந்தால் எந்த டெம்போவில் ஏற்றியிருப்பேன்?

கேள்வி: உதிரிப் பாகம் என்னென்ன?

கேலாங் தாண்டினால் லே வரை சைக்கிள் கடையை எதிர்பார்க்காதீர்கள். டியூப் ஆளுக்கு இரண்டு, ஒட்டுச் சாமான், பின்சக்கரத்துக்கு ஸ்போக் நாலு (உடைவது பெரும்பாலும் பல்சக்கரப் பக்கம்தான்), செயின் இணைப்பு, பிரேக் கட்டை, கேரியர் போல்ட், பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒரு பிடி. கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டும் ஒன்று உபரியாக வையுங்கள், அது வண்டிக்கு வண்டி வேறு. ரயில் பார்சலில் அனுப்பியபோது என் வண்டியின் ஹேங்கர் வளைந்துதான் வந்து சேர்ந்தது. உபரித் துண்டு எங்கே என்று தேடினால், கொல்லிமலையில் எடை குறைக்கிறேன் என்று வீட்டுக்காரர் எடுத்து வைத்துவிட்டாராம். அதன் எடை 20 கிராம்கூட இருக்காது. மணாலியில் ஒரு மெக்கானிக் மரக்கட்டையும் சுத்தியலும் வைத்து நிமிர்த்திக் கொடுத்தார், லே வரை ஓடியது. திரும்பி வரும்போது பின் கியரைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்டி அனுப்பினோம், சேதமில்லாமல் வந்தது.