டிவி அலமாரிக்குள் ஸ்பீக்கர் வைக்கலாமா?

கேள்வி: குழித்துறையில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஹால் 14 அடி அகலமும் 18 அடி நீளமும் கொண்டது. அகலச் சுவரில் 12 அடிக்கு அயனி மரத்தில் டிவி அலமாரி செய்ய ஆசாரி அளவெடுத்துவிட்டார். அலமாரியின் ஆழம் ஒன்றரை அடி. சவூதியில் வேலை பார்க்கும் என் கணவர் அடுத்த விடுமுறைக்கு வரும்போது 5.1 ஹோம் தியேட்டர் செட் (ஐந்து ஸ்பீக்கரும், தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபரும்) கொண்டுவருகிறார். டிவி 55 அங்குலம். சோபா அலமாரியிலிருந்து 11 அடி தள்ளி இருக்கும். ஸ்பீக்கர் எதுவும் கண்ணில் படக் கூடாது, எல்லாம் கதவுக்குள் இருக்க வேண்டும் என்பது மாமியாரின் விருப்பம். அப்படி வைத்தால் ஒலி கெட்டுவிடும் என்கிறார் கணவர். ஆசாரியிடம் என்ன சொல்வது?
– வாசகி, குழித்துறை

பதில்: ஒலியைப் பொறுத்தவரை உங்கள் கணவர் சொல்வதே சரி. ஆனால் அலமாரி இன்னும் அளவு நிலையிலேயே இருப்பதால், மாமியாரின் விருப்பத்தையும் பெருமளவு நிறைவேற்றிவிடலாம். மரத்தை அறுப்பதற்கு முன் ஒவ்வொரு ஸ்பீக்கரின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும், பின்புறம் வட்டமான காற்றுத் துளை இருக்கிறதா என்பதையும் கணவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அலமாரியை முடித்துவிட்டு அதற்குள் ஸ்பீக்கரை நுழைக்கப் பார்ப்பவர்களே நம் ஊரில் அதிகம். தேக்கும் அயனியும் போட்டுச் செய்த ஒன்றைப் பிறகு வெட்டுவதற்கு யாருக்கும் மனம் வராது.

கூர்மையான ஒலிகள் ஸ்பீக்கருக்கு முன்னால் நேராகச் செல்லும். தாழ்ந்த ஒலிகளோ பெட்டியைச் சுற்றி எல்லாத் திசையிலும் பரவும். சுவரோ பலகையோ அருகில் இருந்தால் அந்தத் தாழ்ந்த ஒலி அதில் பட்டுத் திரும்பி, நேர் ஒலியுடன் சேர்ந்து மிகுந்துவிடும். கணக்கின்படி, மிக நெருங்கிய ஒவ்வொரு பரப்பும் 6 டெசிபல் வரை கூட்டக்கூடும். அலமாரி அறைக்குள் வைத்த ஸ்பீக்கருக்கோ பக்கம், மேல், கீழ், பின் என ஐந்து பரப்புகள் நெருக்கத்தில் இருக்கின்றன. இதற்கு மேல், முன்பக்கம் திறந்து பின்பக்கம் அடைத்த ஒன்றரை அடி ஆழமுள்ள வெற்றிடம், குடத்துக்குள் பேசியதுபோல, தனக்கென்று ஓர் ஒலியைப் பிடித்து முழங்கும். அந்த ஆழத்துக்கு அது சுமார் 190 ஹெர்ட்ஸில் விழுகிறது. ஆண்குரலின் கனம் இருப்பது ஏறக்குறைய அந்த இடத்தில்தான் என்பதால், பாட்டு ஓரளவு நன்றாகவே கேட்க, வசனம் மட்டும் மூக்கடைத்தாற்போல் வரும்.

இதற்குப் பரிகாரம் மிக எளியது, செலவும் இல்லாதது. ஸ்பீக்கரைப் பலகையின் உட்புறம் தள்ளாமல், அதன் முகம் அலமாரியின் முன்விளிம்புக்குச் சரியாகவோ அரை அங்குலம் வெளியேயோ இருக்கும்படி முன்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். ஐந்தாறு அங்குலம் உள்ளே தள்ளி வைத்தால் கூர்மையான ஒலியும் அடித்தட்டிலும் பக்கப் பலகையிலும் பட்டுச் சிதறித் தெளிவை இழக்கும். அடுத்ததாக, ஸ்பீக்கரைச் சுற்றியும் பின்னாலும் எஞ்சும் வெற்றிடத்தைத் தளர்வாக நிரப்புங்கள். துணியில் சுற்றிய ராக்வூல் (பாறையை உருக்கிச் செய்யும் பஞ்சு போன்ற பொருள்) நல்லது. பாலியெஸ்டர் பஞ்சு அடைத்த பழைய தலையணையும் போதும். இலவம்பஞ்சை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு பருவமழையும் பெய்யும் உங்கள் மாவட்டத்து ஈரத்தில் அது கட்டிபட்டுப் பூஞ்சை பிடிக்கும். ஸ்பீக்கருக்கும் பலகைக்கும் இடையே ரப்பர் பாதமோ அடர்த்தியான ஃபோம் துண்டோ வைத்தால், அலமாரி முழுவதும் சேர்ந்து அதிர்வது குறையும்.

பின்புறத் துளை உள்ள ஸ்பீக்கராக இருந்தால், அது இருக்கும் அறைக்கு மட்டும் பின்பலகையே அடிக்க வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். அப்படியும் முழக்கம் அடங்காவிட்டால் துளையை ஃபோம் துண்டால் அடைத்துவிடலாம். சப்வூஃபர் இருக்கும் செட்டில் இதனால் பெரிய இழப்பில்லை, ஏனெனில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஒலிகளின் வேலையை, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் கருவியான ரிசீவர் சப்வூஃபரிடம் ஒப்படைத்துவிடும். பல்லி முட்டையிட இந்தத் துளையை விட வசதியான இடம் வீட்டில் வேறு இல்லை என்பதும் அடைப்பதற்கு ஒரு காரணம்.

இனி அளவுகள். பெரும்பாலும் டிவியின் இரு பக்கமும் ஒட்டியே ஸ்பீக்கர் அறைகளைப் போட்டுவிடுவார்கள். 55 அங்குல டிவி சுமார் 4 அடி அகலம்; அதை ஒட்டி வைத்தால் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே ஐந்தரை அடிதான் கிடைக்கும். 11 அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒவ்வொரு பக்கமும் 14 பாகைக் கோணம் மட்டுமே. வீட்டுத் திரையரங்குக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 22 முதல் 30 பாகை வரை. ஆகவே உங்கள் அலமாரியின் இரண்டு கோடிகளிலும் ஸ்பீக்கர் அறைகளை அமைக்கச் சொல்லுங்கள். நடுவே 11 அடி இடைவெளி கிடைத்து, கோணம் ஏறத்தாழ 27 பாகையாகிவிடும். அலமாரிக்கு அப்பால் இரு பக்கமும் ஓரடி சுவர் வெறுமையாக நிற்பதும் நன்மையே. உயரத்தைப் பொறுத்தவரை, உட்கார்ந்திருப்பவரின் காதும், ஸ்பீக்கரில் கூர்மையான ஒலியைத் தரும் சிறிய பகுதியான ட்வீட்டரும் ஒரே மட்டத்தில், தரையிலிருந்து 38 அங்குல அளவில் இருக்க வேண்டும். 14 அங்குல உயரமுள்ள ஸ்பீக்கரில் ட்வீட்டர் பெரும்பாலும் அடியிலிருந்து 11 அங்குலத்தில் இருக்குமாதலால், தட்டு 27 அங்குலத்தில் வந்தால் பொருந்தும்.

செட்டிலேயே முக்கியமானது, முன்பக்கம் நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர் என்பது என் கருத்து. வசனத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் அதைத்தான் டிவிக்குக் கீழே உள்ள குறுகிய தட்டில், ரிமோட்டுக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் பின்னால் திணித்துவிடுகிறோம். அதற்குத் தனித் தட்டு கொடுத்து, முன்விளிம்புக்கு இழுத்து, முகத்தைக் காதை நோக்கி நிமிர்த்துங்கள். தட்டு 20 அங்குல உயரத்தில் இருந்து, ஸ்பீக்கர் 10 அங்குல ஆழமுடையதாக இருந்தால், அதன் முன்விளிம்புக்குக் கீழே ஓர் அங்குல ஆப்பு வைத்தாலே 11 அடிக்கு அப்பால் உள்ள சோபாவுக்குச் சரியாகக் குறிவைத்துவிடும்.

கதவு விஷயத்துக்கு வருவோம். மரக்கதவோ கண்ணாடிக் கதவோ மூடியிருக்கும்போது கேட்பது ஒலியின் நிழல் மட்டுமே. அதற்குப் பதிலாக மெல்லிய மரச்சட்டம் செய்து அதில் ஸ்பீக்கர் துணியை இழுத்துக் கட்டிக் கதவாக்கிவிடலாம். வெளியிலிருந்து பார்க்க ஒரே அலமாரியாகத் தெரியும், மாமியாருக்கும் குறை இருக்காது. எந்தத் துணி என்ற குழப்பம் வேண்டாம்: துணியை உதட்டருகே பிடித்து ஊதிப் பாருங்கள், மூச்சு தடையில்லாமல் மறுபுறம் போனால் அது ஆகும். பிரம்புப் பின்னலும் அழகாக இருக்கும். ஆனால் பாலிஷ் அடிக்கும்போது கண்கள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தின் விளிம்பு ஸ்பீக்கரின் முகத்தை மறைக்கும்படி அகலமாக இருக்கவும் கூடாது.

சப்வூஃபரை மட்டும் அலமாரிக்குள் வைக்கவே வேண்டாம். அது எல்லாத் தட்டையும் கீலையும் உள்ளே அடுக்கிய பாத்திரத்தையும் சேர்த்து அதிர வைக்கும். தரையில் அதற்கு இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பாஸ் மிகுந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து வாருங்கள். முழக்கம் சீராகக் கேட்கும் இடமே அது இருக்க வேண்டிய இடம். பின்பக்க இரண்டு ஸ்பீக்கர்களும் சோபாவின் இரு பக்கங்களில், சற்றுப் பின்தள்ளி, காதுக்கு ஓரடி மேலே சுவரில் வரட்டும்.

பூச்சு வேலை முடியும் முன் வயருக்குக் குழாய் போட்டுவிடுங்கள். பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு ஓர் அங்குலக் குழாயும் 14 கேஜ் அசல் செம்பு வயரும் போதும். விலை மலிவென்று செம்பு பூசிய அலுமினிய வயரை வாங்கிவிடாதீர்கள். டிவிக்குப் பின்னாலிருந்து ரிசீவருக்கு இரண்டு அங்குலக் குழாய் வேண்டும், இல்லையென்றால் எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலை வளைவில் மாட்டிக்கொள்ளும். மின்சார வயர் செல்லும் குழாயிலிருந்து ஓரடியாவது விலகி ஓடட்டும். கணவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: கருவியின் பின்புறம் 220–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். ரிசீவருடன் வரும் மைக்கை வைத்து ஒலியைச் சீர்செய்யும் வேலையை, அலமாரியில் சாமான்கள் அடுக்கி, திரைச்சீலையும் தரைவிரிப்பும் போட்ட பிறகு செய்யுங்கள். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கும் ஹாலில் எடுத்த அளவு பிறகு பொருந்தாது.

கேள்வி: கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் ஏ.வி. ரிசீவரை வைத்திருக்கிறேன். படம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் தானாகவே அணைந்துவிடுகிறது. சற்று ஆறியபின் மறுபடி ஓடுகிறது. பழுதா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: ஆறியபின் ஓடுகிறது என்பதால் பெரும்பாலும் சூடுதான் காரணம், கருவி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. ரிசீவர் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஒலியாகாமல் வெப்பமாகவே போகிறது. அது வெளியேற வழி வேண்டும். மேலே 4 அங்குலம், பக்கங்களில் 2 அங்குலம் இடம் விட்டு, பின்பலகையில் கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் அறுத்துவிடுங்கள். குளிர்ந்த காற்று கீழே நுழைந்து சூடானது மேலே போகும். கோடையில் அதுவும் போதாவிட்டால் மேல்திறப்பில் கணினிக்குப் போடும் 120 மி.மீ. விசிறியை மெதுவான வேகத்தில் ஓடவிடுங்கள். ரிசீவரின் தலையில் செட்டாப் பாக்ஸை ஏற்றி வைத்திருந்தால் முதலில் அதை இறக்குங்கள். மரத்தை அறுப்பதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள்: ஸ்பீக்கர் வயரின் ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதேபோல் அணையும். அதைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில், சித்தூரில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ஒலியை மேல்நோக்கி அனுப்பிக் கூரையில் பட்டு இறங்கச் செய்யும் அட்மாஸ் சவுண்ட்பாரை டிவி அலமாரியின் நடுத்தட்டில் வைக்கலாமா?
– வாசகர், சித்தூர்

பதில்: வேண்டாம். அந்த வகை ஸ்பீக்கருக்குத் தட்டையான, கடினமான மேல்தளம் தேவை. சுமார் 8 முதல் 12 அடி உயரத்துக்குள் இருந்தால் நன்று. சரிந்த ஓட்டுக்கூரை ஒலியை உங்களிடம் அனுப்பாமல் வேறெங்கோ திருப்பிவிடும். நடுத்தட்டில் வைத்தால் ஒலி கூரை வரைக்கும்கூடப் போகாது, ஓரடி மேலே உள்ள பலகையில் முட்டி நிற்கும். அந்தக் கூடுதல் பணத்துக்கு நல்ல 3.1 செட் (முன்பக்க ஸ்பீக்கர் மூன்று, சப்வூஃபர் ஒன்று) ஒன்றை வாங்குங்கள். வசனம் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: ஐப்பசியில் இடிமின்னல் வந்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் அலமாரி பிளக்கை மறைத்துக்கொண்டு நிற்கிறது. என்ன செய்ய?
– வாசகி, களியக்காவிளை

பதில்: பிடுங்கத்தான் வேண்டும், அருகில் மின்னல் இறங்கினால் திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் எந்தச் சர்ஜ் புரொடெக்டரையும் முழுவதுமாக நம்ப முடியாது. அலமாரியின் பக்கப் பலகையில், கை எட்டும் இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் வைத்து, உள்ளே உள்ள எல்லாக் கருவிகளுக்கும் அதிலிருந்து ஒரே நீட்டிப்பு வயர் செல்லும்படி எலக்ட்ரீஷியனை மாற்றச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று அப்போதே சோதித்துவிடட்டும். டிஷ் ஆன்டெனா கேபிளையும் இன்டர்நெட் வயரையும் கழற்ற மறக்க வேண்டாம், மின்னழுத்தம் அந்த வழியாகவும் உள்ளே வரும். இடி தொடங்கிய பிறகு எதையும் தொடாமல், வானம் கறுக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.